கால்வாய் வெட்டும் முன் கடலை அறிதல்

தைப்பிங் நகரிலிருந்து மேற்கே செல்லும் சாலை கடலைத் தொடுவதில்லை. அது அலையாத்திக் காட்டுக்கு நடுவே, செபெத்தாங் ஆற்றங்கரையில் உள்ள கோலா செபெத்தாங் என்ற மீனவ ஊரில் போய் நிற்கிறது. முன்பு இவ்வூரின் பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து இங்குதான் போடப்பட்டது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். ஈயம் ஏற்றிச் சென்ற அந்தப் பாதை இன்று இல்லை. ஆனால், காடும் ஆறும் சேறும் இன்னும் மக்களுக்குப் பிழைப்பைத் தருகின்றன.

மாத்தாங் காட்டின் பரப்பளவு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருகிறது. 30 ஆண்டுச் சுழற்சியில் பாக்காவ் மரங்களை வெட்டிக் கரி சுடுகிறார்கள்; வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்க்கிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்கிறது. வெளியே சேற்றுத் திட்டுகளில் கெராங் சிப்பி விளைகிறது. ஈப்போ கடைகளில் வறுத்த குவேத்தியோவோடு கலந்து வருகிறதே, அதே சிப்பிதான். கிரியான் முதல் மஞ்சோங் வரையிலான கரையோரத்தில் இறால் குளங்களும் உள்ளன. கரி சுடுபவர், கூண்டில் மீன் வளர்ப்பவர், சிப்பி அள்ளுபவர், இறால் பண்ணைக்காரர் ஆகிய எல்லாரும் ஒரே நீரைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

இந்நிலையில், ஒருவர் புதிதாக ஓர் இறால் பண்ணை தொடங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளம் வெட்ட நிலம் இருக்கிறது, பணம் இருக்கிறது. குளத்து நீரை வெளியேற்ற ஒரு கால்வாயும் வேண்டும். அந்தக் கால்வாய் போய்ச் சேரும் கடல்நீர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கால்வாய் வெட்டிய பிறகு அறிய முடியாது. அதை முன்பே அளந்தாக வேண்டும்.

குளத்திலிருந்து வெளியேறுவது என்ன?

இறால் குளத்து நீரைப் பார்த்தால் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதில் நஞ்சு எதையும் யாரும் கொட்டியிருக்கமாட்டார்கள். தொல்லை பெரும்பாலும் தீவனத்திலிருந்தே வருகிறது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். தீவிர முறையில் நடத்தப்படும் 1 ஹெக்டர் குளத்தில் ஒரு பருவத்துக்கு 10 டன் இறால் கிடைப்பதாகக் கொள்வோம். அதற்கு ஏறக்குறைய 15 டன் தீவனம் தேவைப்படும். தீவனத்தில் 35 விழுக்காடு புரதம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக, குளத்துக்குள் சென்ற நைட்ரஜன் 840 கிலோகிராம். அறுவடையான இறாலின் உடலில் இருப்பதோ ஏறத்தாழ 300 கிலோகிராம்தான். மீதமுள்ள 540 கிலோகிராம் எங்கே? ஒரு பகுதி குளத்தின் அடிச்சேற்றில் படிகிறது. ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. மற்றது நீரோடு கால்வாய்க்குள் போகிறது.

நைட்ரஜனோடு தின்னாத தீவனத் துகள்களும் இறாலின் கழிவும் இறந்த பாசியும் சேர்ந்து செல்கின்றன. அறுவடையின்போது குளத்தை வடிக்கும் கடைசிக் கட்டத்தில்தான் நீர் மிகவும் கலங்கியிருக்கும். மேலே இருக்கும் நீர் ஓரளவு தெளிவாக வெளியேறிவிடும். அடியில் கிடக்கும் 10 முதல் 20 விழுக்காடு நீர் சேற்றைக் கலக்கிக்கொண்டு வரும். எனவே, குளத்தின் நடுவில் ஒரு குவளை நீரை முகந்து சோதித்துவிட்டு, ‘எங்கள் கழிவுநீர் தூய்மையானது’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

கடல் பெரியதுதானே?

‘கடலில் கரைத்த பெருங்காயம்’ என்பார்கள். அவ்வளவு பெரிய கடலில் ஒரு குளத்து நீர் எம்மாத்திரம் என்ற எண்ணம் பலருக்கும் எழும். ஆனால், கால்வாய் நேராகப் பெருங்கடலில் திறப்பதில்லை. அது ஒரு சிற்றோடையிலோ ஆற்று முகத்துவாரத்திலோ திறக்கிறது.

மீனும் சிப்பியும் மூச்சு விடுவது நீரில் கரைந்துள்ள உயிர்வளியைக் கொண்டு. குளிர்ந்த நீர் அதிக உயிர்வளியைத் தாங்கும்; வெந்நீர் குறைவாகவே தாங்கும். 10 பாகை செல்சியஸ் குளிருள்ள கடலில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். நம் மலாக்கா நீரிணை போன்ற 30 பாகை வெப்பமுள்ள கடலில், நீர் நிறைந்த அளவு தாங்கினாலும், ஏறத்தாழ 6.4 மில்லிகிராம்தான் இருக்கும். மீன்பிடிப்புக்கும் கடல்வாழ் உயிர்களுக்கும் உரிய நீரில் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று மலேசியாவின் கடல்நீர்த் தர அளவுகோல் கூறுகிறது. இடைவெளி வெறும் 1.4 மில்லிகிராம்! வெப்பமண்டலக் கடலின் கையிருப்பு அவ்வளவே.

இனி, அந்த 1 ஹெக்டர் குளத்தின் ஆழம் 1.5 மீட்டர் என்றால் அதில் 15,000 கன மீட்டர் நீர் இருக்கும். நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது உயிர்வளியைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவை ‘உயிரிய ஆக்சிஜன் தேவை’ என்ற அளவால் குறிப்பார்கள். வடிநீரில் அது லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால், குளம் முழுவதற்கும் 300 கிலோகிராம் உயிர்வளி வேண்டும். லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் மட்டுமே கொடுக்கக்கூடிய ஓடையிலிருந்து அதைப் பெற ஏறக்குறைய 2,14,000 கன மீட்டர் நீர் தேவை. 30 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள ஓடையாக இருந்தால், அது 2.4 கிலோமீட்டர் நீளத்துக்குரிய நீர். ஒரே ஒரு குளத்துக்கு இந்தக் கணக்கு. காற்றிலிருந்து புதிய உயிர்வளி கரைவதையும் கழிவு சிதைய நாள்கள் ஆவதையும் இதில் சேர்க்கவில்லை என்பது உண்மையே. அதேபோல், ஓடை ஏற்கெனவே நிறைவான உயிர்வளியோடு இருக்கிறது என்றும் இக்கணக்கு எடுத்துக்கொண்டது. அப்படி இருக்கிறதா என்பதுதான் அளந்து பார்க்க வேண்டியது.

ஆறு முன்பே சுமந்து வந்தது

பேராக்கின் கரையோர நீர் வெற்றுப் பாத்திரம் அன்று. ஈப்போவைக் கடந்து ஓடும் கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலந்து, பாகான் டத்தோ அருகே கடலை அடைகிறது. ஈயச்சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் அவ்வழியே வண்டல் மண் இறங்கியது. இன்று நகரத்துக் கழிவுநீரின் ஒரு பங்கு இறங்குகிறது. வடக்கே கிரியான், குராவ் ஆறுகள் வயல்களையும் தோட்டங்களையும் கடந்து வருகின்றன.

தோட்டங்களுக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த நாளில் ரப்பர் ஆலைகளின் கழிவுநீர் தோட்டத்து வாய்க்கால்கள் வழியே ஆற்றுக்குப் போனது. லயங்களில் வாழ்ந்த பழைய தலைமுறையினரைக் கேட்டால் அந்தப் புளித்த பால் நாற்றத்தைச் சொல்வார்கள். பின்னர்ப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவோ இன்னும் கடுமையானது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் வந்தன. செம்பனை ஆலை வெளியேற்றும் நீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்தது. அந்த வரம்பு ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984-இல் 100 மில்லிகிராம் ஆயிற்று. ஆறே ஆண்டுகளில் ஐம்பதில் ஒரு பங்கு! ஒரு தொழிலை மூடாமலே அதன் கழிவைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு இந்நாட்டிலேயே உள்ள நல்ல சான்று இது.

இவ்வாறு மேலிருந்து வரும் சுமை ஒவ்வோர் ஓடையிலும் வேறுபடும். வரைபடத்தில் அருகருகே இருக்கும் இரண்டு முகத்துவாரங்களில் ஒன்று இன்னொரு பண்ணையைத் தாங்கலாம்; மற்றொன்று ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம்தான்.

எப்போது அளப்பது?

‘எதை அளப்பது’ என்பதற்கு விடை எளிது. வெப்பநிலை, உப்புத்தன்மை, அமில-காரத் தன்மை, கரைந்த உயிர்வளி, மிதக்கும் துகள்கள், அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், நோய்க்கிருமிகள் என்று பட்டியல் போகும். சிலவற்றைக் கருவியை நீரில் இறக்கியவுடனே படிக்கலாம். மற்றவற்றுக்கு மாதிரி நீரைப் புட்டியில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, உடனே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ‘எப்போது அளப்பது’ என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்கிறது, உயிர்வளியை வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும் மீனும் நுண்ணுயிரும் சேர்ந்து உயிர்வளியைச் செலவழிக்கின்றன. எனவே, உயிர்வளி மிகவும் குறைவாக இருப்பது சூரியன் எழுவதற்குச் சற்று முன். காலை 10 மணிக்குக் காப்பி குடித்துவிட்டுப் படகேறும் ஆய்வுக் குழு நல்ல எண்களோடுதான் திரும்பும். மீன்கள் திணறிய நேரம் அதற்குள் கடந்துபோயிருக்கும். விடியலுக்கு முன்னும் நண்பகலிலும் அளந்தால்தான் ஒரு நாளின் உண்மை தெரியும்.

அடுத்தது ஓதம். மலாக்கா நீரிணையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். வற்றும்போது கழிவுநீரைத் திறந்துவிட்டால் அது கடலுக்குப் போய்விடும் என்று தோன்றும். நீண்ட, குறுகிய ஓடையில் அது அவ்வளவு தூரம் போவதில்லை. ஆறு மணி நேரம் வெளியே நகரும். அடுத்த ஆறு மணி நேரத்தில் ஏற்றம் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலிலேயே விட்டுவிடும். முழுநிலவு, அமாவாசை நாள்களை ஒட்டி ஏற்ற வற்றம் பெரிதாக இருக்கும். ஓடை நன்றாகக் கழுவப்படும். அரைநிலவு நாள்களில் நீர் சோம்பலாக அசையும். அந்த நாள்களில் கழிவு நின்றுவிடும். மீனவர்கள் இதை நன்கு அறிவார்கள். எந்த நாளில் வலை போடலாம், எந்த நாளில் நீர் கறுக்கும் என்பதை அவர்கள் நிலவைப் பார்த்தே சொல்கிறார்கள். ஆய்வுக் குழு முதலில் பேச வேண்டியது அவர்களோடுதான்.

நீர் போகும் வழியைக் கண்டறிய எளிய முறையும் உண்டு. மிதவையில் பாய் போன்ற துணியைக் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு, அது செல்லும் தடத்தைப் படகில் பின்தொடர்ந்து குறிப்பார்கள். தீங்கில்லாத நிறப்பொருளைக் கலந்து, அது எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்றும் பார்ப்பார்கள். ஓடையில் உள்ள நீர் முற்றிலும் புதுநீராக மாற ஒரு நாளாகிறதா, பத்து நாளாகிறதா என்பது இப்படித் தெரியவரும். பண்ணைக்கு இடம் தேர்வதில் இதைவிட முக்கியமான எண் வேறில்லை.

ஆழத்தையும் மறக்கக் கூடாது. ஆற்று நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. பெருமழைக்குப் பிறகு அது கடல்நீரின்மேல் ஒரு போர்வை போல் படுத்துக்கொள்ளும். மேலே அளந்தால் உயிர்வளி நிறைவாக இருக்கும். அடியிலோ, காற்றோடு தொடர்பு அறுந்த உப்புநீரில், அது தீர்ந்துகொண்டிருக்கும். கெராங் சிப்பி வாழ்வது அடியில்.

பேராக்கின் மேற்குக் கரையில் பருவமழை மாறும் காலங்களில், குறிப்பாக அக்டோபர், நவம்பர் மாதங்களில், மழை மிகும். ஆண்டின் நடுப்பகுதி பெரும்பாலும் வறண்டிருக்கும். வறண்ட காலத்தில் மட்டும் அளந்தால் மழைக்காலத்தில் ஆறு சுமந்து வருவது தெரியாது. மழைக்காலத்தில் மட்டும் அளந்தால் ஓடை தேங்கிக் கிடக்கும் நிலை தெரியாது. ஒரு வார இறுதியில் முடித்துவிடக்கூடிய வேலை அன்று இது. ஓராண்டாவது வேண்டும். முதலீட்டாளருக்கு ஓராண்டுக் காத்திருப்பு பணச்செலவு என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே.

சேற்றையும் அள்ளிப் பார்க்கிறார்கள். நீர் இன்று வந்து நாளை போகும். சேறு பல மாதங்களின் நினைவை வைத்திருக்கும். கழிவு படிந்த அடிச்சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அதில் வாழும் பலவகைப் புழுக்களும் நத்தைகளும் மறைந்து, மாசைத் தாங்கும் ஓரிரு வகைப் புழுக்கள் மட்டும் பெருகும். ஆனால், அலையாத்திக் காட்டுச் சேறு இயற்கையிலேயே கறுப்பு, இயற்கையிலேயே நாறும்! பண்ணை வந்தபின் ஒருவர் சேற்றை அள்ளிக் காட்டி, ‘பாருங்கள், நாசமாக்கிவிட்டார்கள்’ என்று சொல்லலாம். பண்ணைக்காரர், ‘இது எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்லலாம். முன்பே எடுத்த மாதிரி இல்லையென்றால், இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பதற்கு வழியே இல்லை.

ஒப்பிட ஓர் இடம்

முன்பே அளந்துவிட்டால் மட்டும் போதுமா? பண்ணை தொடங்கி இரண்டு ஆண்டுகளில் சிப்பி விளைச்சல் பாதியாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அது பண்ணையால் வந்ததா, அல்லது கடல் வெப்பம் கூடிய எல் நினோ ஆண்டா? இதற்காகத்தான் ஆய்வாளர்கள் இன்னோர் இடத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே போன்ற ஓடை, அதே போன்ற சேறு. ஆனால், புதிய கால்வாயின் நீர் எட்டாத தொலைவு. இரண்டு இடத்திலும் பண்ணைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இரண்டிலும் விளைச்சல் குறைந்தால் காரணம் பொதுவானது. ஓரிடத்தில் மட்டும் குறைந்தால் பண்ணை பதில் சொல்ல வேண்டும். அறிவியல் கூடத்தில் சோதனைக்கு உட்படுத்தாத ஒரு செடியைத் தனியே வைத்து ஒப்பிடுவதும் இதே முறைதான்.

சட்டம் எங்கே வருகிறது?

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இதற்கு அடிப்படை. அச்சட்டத்தின் கீழ் 1987-இல் வந்த ஆணை, 50 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட சதுப்புநிலக் காட்டை அழித்து அமைக்கும் நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு தேவை என்றது. 2015-ஆம் ஆண்டு ஆணை இதை இறுக்கி, 20 ஹெக்டர் முதலே மதிப்பீடு வேண்டும் என்றது. 50 ஹெக்டருக்கு மேற்பட்ட திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் படித்துக் கருத்து எழுதலாம்.

இதில் ஓர் ஓட்டையும் உள்ளது. ஒரே ஓடையின் கரையில் பத்துப் பேர் ஆளுக்கு 5 ஹெக்டர் பண்ணை அமைத்தால், எந்த ஒரு பண்ணையும் வரம்பைத் தொடாது. ஓடைக்கோ எல்லாருடைய கழிவும் சேர்ந்தே வரும்.

நாகப்பட்டினம் கற்றுத் தந்தது

முன்கூட்டியே அளக்காமல் விட்டதன் விலையைத் தமிழ்நாட்டுக் கடற்கரை நன்கு அறியும். 1990-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் வட்டாரத்திலும் ஆந்திரக் கடற்கரையிலும் இறால் குளங்கள் வேகமாகப் பெருகின. ஏற்றுமதி விலை நன்றாக இருந்தது. நெல் விளைந்த நிலங்களின் அருகே உப்புநீர்க் குளங்கள் எழுந்தன. குடிநீர்க் கிணறுகள் கரிக்கத் தொடங்கின என்றும், கரைக்குப் போகும் வழி மறிக்கப்பட்டது என்றும், கழிவுநீர் ஓடைகளில் விடப்படுகிறது என்றும் ஊர் மக்கள் முறையிட்டார்கள். உழவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும் அம்மக்களோடு நின்றார்கள். 1994-இல் ஜெகந்நாதன் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றம் நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தைக் கடற்கரைக்கு அனுப்பி ஆராயச் சொன்னது. பண்ணைகள் ஈட்டும் வருமானத்தைவிட அவை சூழலுக்கும் மக்கள் வாழ்வுக்கும் ஏற்படுத்தும் இழப்பு அதிகம் என்று ஆய்வு நிறுவனம் அறிக்கை தந்தது. 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வெளியானது. மரபுவழிப் பண்ணைகளைத் தவிர, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் குளங்களை அகற்ற வேண்டும் என்றும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. சீராய்வு மனுக்கள் வந்தன. தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிப் பதிவுபெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்தது. அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. வழக்கில் யார் வென்றார் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 2008-இல் ‘மாற்று நோபல்’ என்று மக்கள் அழைக்கும் ஸ்வீடன் நாட்டு விருதைப் பெற்றார்கள்.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்த விதிகளைப் படித்தால், அளத்தல் பற்றிய பாடம் அவற்றில் பதிந்திருப்பதைக் காணலாம். 5 ஹெக்டருக்கு மேற்பட்ட பண்ணையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு வேண்டும். குளப்பரப்பில் 10 விழுக்காடாவது அதற்கு ஒதுக்க வேண்டும். 40 ஹெக்டரைத் தாண்டினால், திட்டமிடும் கட்டத்திலேயே பாதிப்பு மதிப்பீடு வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. திறந்த கடலில் விடும் நீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம்; ஓடையிலோ முகத்துவாரத்திலோ விடும் நீருக்கு 20 மில்லிகிராம்தான் வரம்பு. பாஸ்பேட்டுக்கும் ஓடையில் பாதி அளவே அனுமதி. ஒரே பண்ணை, ஒரே கழிவு. ஆனால், சேரும் இடத்தைப் பொறுத்து வரம்பு மாறுகிறது.

பண்ணைக்காரரின் நலனும் இதில் உண்டு

கடலை அளப்பது பண்ணைக்காரருக்கு எதிரான வேலை என்று நினைப்பது பிழை. பண்ணை தன் நீரை எடுப்பதும் பெரும்பாலும் அதே ஓடையிலிருந்துதான். கழுவப்படாத ஓடையில் பத்துப் பண்ணைகள் இருந்தால், ஒரு பண்ணையின் வடிநீர் அடுத்த பண்ணையின் குளத்துநீராகிறது. 2011 வாக்கில் மலேசியப் பண்ணைகளை ஒரு புதிய நோய் தாக்கியது. குளத்தில் விட்ட ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் இளம் இறால்கள் கூட்டமாக மடிந்தன. சீனா, வியட்நாம், தாய்லாந்து ஆகிய நாடுகளும் இதில் சிக்கின. 2013-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியாவின் ஒரு வகையே காரணம் என்று கண்டறிந்தார்கள். நோயுற்ற குளத்து நீரைச் சுத்திகரிக்காமல் பொது ஓடையில் விடுவது அண்டை வீட்டுக் கிணற்றில் அழுக்கைக் கொட்டுவதற்கு ஒப்பு.

அலையாத்திக் காடு எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கையும் சிலருக்கு உண்டு. காடு ஓரளவு வடிகட்டும் என்பது உண்மையே. எவ்வளவு என்பதை 1995-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தீவிர முறையில் நடக்கும் 1 ஹெக்டர் குளத்தின் சத்துப்பொருள்களை உறிஞ்ச 22 ஹெக்டர் காடு வரை தேவைப்படலாம் என்றது அது. அந்தக் காட்டை வெட்டித்தான் பல இடங்களில் குளமே அமைக்கப்பட்டது.

எண்கள் கைக்கு வந்தபின்

ஓராண்டு அளந்து முடித்தபின் என்ன செய்வது? சில இடங்களில் கால்வாயின் வாயை நகர்த்தினால் போதும். ஓடையின் உள்பகுதியை விட்டு நீரோட்டம் வலுவான இடத்தில் திறக்கலாம். சில இடங்களில் வடிநீரை முதலில் ஒரு படிவுக் குளத்தில் தேக்கி, சேறு அடியில் இறங்கியபின், பெரிய வற்றம் உள்ள நாள்களில் மட்டும் விடலாம். குளத்தின் கடைசி 20 விழுக்காட்டு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் பண்ணைகளும் உள்ளன. சில ஓடைகளுக்கு விடை, ‘இங்கே வேண்டாம்’ என்பதாகவே இருக்கும். நிலம் வாங்கி, குளம் வெட்டி, வங்கிக்கு வட்டி கட்டத் தொடங்கியபின் அந்த விடையைக் கேட்பதைவிட, படகு வாடகையோடும் ஆய்வுக்கூடக் கட்டணத்தோடும் கேட்டுக்கொள்வது மலிவு.

பண்ணைக்கு அனுமதி கிடைத்து, முதல் அறுவடை முடிந்து, கால்வாயின் கதவு திறக்கப்பட்டபின் ஆய்வுப் படகு மீண்டும் புறப்படும். அதே நிலையங்களில், அதே ஓதத்தில், விடியலுக்கு முன் அதே வேளையில், மேலும் அடியும் கருவி இறக்கப்படும். ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுத்த தொலைவான ஓடைக்கும் அன்றே போவார்கள். புதிய எண்ணின் பக்கத்தில் எழுதப் பழைய எண் ஒன்று குறிப்பேட்டில் இருக்கும்.